சுங்கச் சுவரைப் பிடித்து எழுதுங்கள்: உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய அமெரிக்கா பற்றிய விடை

“உள்நாட்டுப் போருக்குப் பின் அமெரிக்காவில் ஏற்பட்ட தொழில் வளர்ச்சி, அதன் கடல்கடந்த விரிவாக்கத்துக்கு எவ்வாறு வழிவகுத்தது?” யூபிஎஸ்சி முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதுவோரும், எம்.ஏ. வரலாறு படிப்போரும் ஏதோ ஒரு வடிவில் சந்திக்கக்கூடிய கேள்வி இது. எழுதப்படும் விடைகள் பெரும்பாலும் ஒரே அச்சில் இருக்கும். முதல் பாதியில் ரயில், எஃகு, எண்ணெய், எஃகு முதலாளி கார்னகி, எண்ணெய் முதலாளி ராக்ஃபெல்லர். இரண்டாம் பாதியில் ஹவாய், கியூபா, பிலிப்பைன்ஸ், பனாமா. நடுவே “உபரி உற்பத்திக்குச் சந்தை தேவைப்பட்டது” என்று ஒரு வரி. கேள்வியே அந்த ஒரு வரியைப் பற்றியதுதான். அதை நிறுவாமல் தாண்டினால் மிஞ்சுவது இரண்டு பட்டியல்.

இரண்டு பாதியையும் உண்மையில் கோர்ப்பது சுங்க வரி. உயர்ந்த இறக்குமதி வரி என்ற சுவருக்கு உள்ளே தொழில் வளர்ந்தது. அந்த வரி ஏறி இறங்கியபோதெல்லாம் வெளியே இருந்த தீவுகள் ஆட்டம் கண்டன. தீவுகள் கைக்கு வந்த பிறகு, அவை சுவருக்கு உள்ளேயா வெளியேயா என்பதே வழக்காக நீதிமன்றம் வரை போனது. இந்த வரிசையில் விடையைக் கட்டும் முறையைக் கீழே பார்க்கலாம்.

1865-ல் அல்ல, 1861-ல் தொடங்குங்கள்

போர் முடிந்த ஆண்டு 1865. ஆனால் தொழில் வளர்ச்சிக்கு வழி திறந்த சட்டங்கள் போர்க்காலத்தில் வந்தவை. தென் மாநிலங்கள் பிரிந்து போனதும் அவற்றின் உறுப்பினர்கள் காங்கிரஸில் இல்லை. அதுவரை அவர்கள் எதிர்த்து வந்தவை வரிசையாக நிறைவேறின. 1861-ல் இறக்குமதி வரியை உயர்த்திய மோரில் சுங்கச் சட்டம். 1862-ல் குடியேறுவோருக்கு 160 ஏக்கர் வழங்கிய ஹோம்ஸ்டெட் சட்டமும் பசிபிக் ரயில்பாதைச் சட்டமும். ரயில் நிறுவனங்களுக்கு நிலத்தோடு கடன் பத்திரமும் கிடைத்தது: சமவெளியில் மைலுக்கு 16,000 டாலர், மேட்டு நிலத்தில் 32,000, மலையில் 48,000. 1869 மே 10 அன்று யூட்டாவின் புரொமன்டரியில் கிழக்குப் பாதையும் மேற்குப் பாதையும் சேர்ந்தன. நாட்டின் ரயில் பாதை 1865-ல் சுமார் 35,000 மைல்; 1900-ல் 1,90,000 மைலுக்கு மேல்.

எஃகுக்கு ஐந்தாறு எண்களை அடுக்க வேண்டாம். ஒரே ஒரு ஒப்பீடு போதும். 1871 முதல் எஃகுத் தண்டவாளத்தின் மீது டன்னுக்கு 28 டாலர் இறக்குமதி வரி இருந்தது. 1860-களின் பிற்பகுதியில் அந்தத் தண்டவாளம் டன் 160 டாலருக்கு மேல் விற்றது. 1898-ல் சுமார் 18 டாலர். அதாவது ஒரு காலத்தில் வரியாக மட்டும் வாங்கிய தொகையைவிட, பிற்பாடு சரக்கின் விலையே குறைவு. இந்த இடைவெளிக்குள் நடந்ததுதான் அமெரிக்க எஃகின் கதை: இரும்பை மலிவாக எஃகாக்கும் பெசமர் உலை, 1875-ல் பிராடக்கில் தொடங்கிய கார்னகியின் எட்கர் தாம்சன் ஆலை, கனெல்ஸ்வில் கற்கரி, 1892 முதல் மினசோட்டாவின் மெசாபி மலைத்தொடரிலிருந்து வந்த தாது. மெசாபி தாது மென்மையானது; சுரங்கம் தோண்டாமல் நீராவி மண்வாரியால் அள்ளி வண்டியில் கொட்டலாம். அமெரிக்காவில் பரவலாக இருந்த வகைப் பெசமர் உலைக்குப் பாஸ்பரஸ் குறைந்த தாது வேண்டும்; சுப்பீரியர் ஏரிப் பகுதியில் அது ஏராளமாகக் கிடைத்தது. 1880-ல் பன்னிரண்டு லட்சம் டன்னை ஒட்டியிருந்த எஃகு உற்பத்தி 1900-ல் ஒரு கோடி டன்னைத் தாண்டியது.

வரியால்தான் எல்லாம் வந்தது என்று எழுதிவிடாதீர்கள். தாது, நிலக்கரி, 1865-க்கும் 1900-க்கும் இடையே வந்து இறங்கிய ஏறத்தாழ 1 கோடியே 30 லட்சம் குடியேறிகள், மாநில எல்லைகளில் சுங்கச்சாவடியே இல்லாத ஒரு கண்டம் அளவுச் சந்தை, இவையும் உண்டு. வெளியே உயர்ந்த சுவர், உள்ளே தடையில்லாத சந்தை: இந்த இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சொன்னால் காரணப் பகுதி முடிந்தது.

எண்ணெய்க்கு இரண்டு வரி. 1870-ல் கிளீவ்லாந்தில் தொடங்கிய ஸ்டாண்டர்ட் ஆயில் பத்தாண்டுக்குள் நாட்டின் சுத்திகரிப்பில் ஏறத்தாழ 90 சதவீதத்தைக் கைக்குள் கொண்டுவந்தது. எஃகு வெளிநாடு போவதற்கு வெகு முன்பே மண்ணெண்ணெய் போய்விட்டது. ஆசியாவுக்கு அது ஐந்து கேலன் டின்களாக, பெட்டிக்கு இரண்டு வீதம் வந்திறங்கியது. நம்மூர்களில் தண்ணீர் தூக்கவும் நெல் அளக்கவும் புழங்கிய மண்ணெண்ணெய் டின் அந்த வழியில் வந்ததுதான். படை எதுவும் அனுப்பாமல், தீவு எதையும் பிடிக்காமல் நடந்த ஏற்றுமதி இது என்பதை மனதில் வையுங்கள். பின்னால் ‘சந்தை’ வாதத்தை எடை போடும்போது தேவைப்படும்.

சர்க்கரையைப் பின்தொடருங்கள்

விடையின் நடுப்பகுதிக்கு எந்தச் சரக்கை எடுப்பது என்றால், தயங்காமல் சர்க்கரை. ஹவாய், கியூபா, போர்ட்டோ ரிகோ, பிலிப்பைன்ஸ் நான்கையும் தொடும் பொருள் அது ஒன்றுதான். நாள் வரிசையை அப்படியே மனப்பாடம் செய்யலாம்.

1875-ல் ஹவாய் அரசோடு ஒப்பந்தம்: ஹவாய்ச் சர்க்கரைக்கு வரி இல்லை. மற்ற நாட்டுச் சர்க்கரை வரி கட்டி உள்ளே வரும்போது இது கட்டாமல் வந்ததால், தோட்டக்காரர்கள் கொழித்தார்கள். 1887-ல் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தபோது, பேர்ல் துறைமுகத்தைப் பயன்படுத்தும் தனி உரிமையை அமெரிக்கா வாங்கிக்கொண்டது.

1890-ல் மெக்கின்லி சுங்கச் சட்டம். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். “மெக்கின்லி சட்டம் ஹவாய்ச் சர்க்கரைக்கு வரி போட்டது” என்று எழுதுவது தவறு. நடந்தது நேர்மாறு: எல்லா நாட்டுக் கச்சாச் சர்க்கரைக்கும் வரி நீக்கப்பட்டது, உள்நாட்டு உற்பத்தியாளருக்குப் பவுண்டுக்கு 2 சென்ட் மானியம் தரப்பட்டது. எல்லோருக்கும் கதவு திறந்ததும் ஹவாய்க்கு மட்டும் இருந்த சலுகைக்கு மதிப்பில்லாமல் போயிற்று. அமெரிக்காவோடு இணைந்தால் அந்த 2 சென்ட் தங்களுக்கும் கிடைக்கும் என்ற கணக்கு பிறந்தது. ஹவாய் ராணி லிலியுவோகலானி புதிய அரசியலமைப்புக்கு முயன்ற வேளையில், 1893 ஜனவரி 17 அன்று இணைப்பை விரும்பிய கூட்டத்தார் அவரை அகற்றினார்கள்.

அதோடு நிறுத்திவிடக் கூடாது. எல்லாத் தோட்ட முதலாளிகளும் இணைப்பைக் கேட்கவில்லை. மிகப் பெரிய சர்க்கரை முதலாளிகளில் ஒருவரான கிளாஸ் ஸ்பிரெக்கல்ஸ் எதிர்த்தார். இணைந்தால் சீனர் வருகையைத் தடுக்கும் 1882-ஆம் ஆண்டுச் சட்டமும், ஒப்பந்தக் கூலி இறக்குமதியைத் தடுக்கும் 1885-ஆம் ஆண்டுச் சட்டமும் ஹவாய்த் தோட்டங்களுக்கும் வந்துவிடும். அதிபர் கிளீவ்லாந்து இணைப்பு ஒப்பந்தத்தைத் திரும்பப் பெற்றார். 1894-ல் வில்சன்-கார்மன் சட்டம் கச்சாச் சர்க்கரைக்கு மறுபடி 40 சதவீத வரி போட்டதும் ஹவாயின் பழைய சலுகை தானாகத் திரும்பியது. ஆகவே 1893-க்குச் சர்க்கரை காரணமாகலாம். 1898-ல் நடந்த இணைப்புக்கு அது மட்டும் போதாது. அந்த ஆண்டு ஸ்பெயினோடு போர் மூண்டதும், ஸ்பெயின் வசமிருந்த பிலிப்பைன்ஸின் மணிலாவுக்குப் போகும் படைக்கு நடுக்கடலில் நிலக்கரி வேண்டியிருந்ததும் அங்கே காரணம். செனட்டில் மூன்றில் இரண்டு பங்கு கிடைக்காது என்று தெரிந்ததால், ஒப்பந்தத்தைக் கைவிட்டு, சாதாரணப் பெரும்பான்மை போதுமான கூட்டுத் தீர்மானத்தால் ஹவாயை இணைத்தார்கள். அப்போது அதிபராக இருந்த மெக்கின்லி கையெழுத்திட்டது 1898 ஜூலை 7. முந்தைய ஆண்டே இணைப்பை எதிர்த்து 21,000-க்கும் மேற்பட்ட ஹவாய் மக்கள் கையொப்பமிட்ட மனு வாஷிங்டன் போயிருந்தது. இந்த ஒரு தகவல், மக்களின் குரலையும் கவனித்தவர் நீங்கள் என்று காட்டும்.

அதே 1894-ஆம் ஆண்டு வரி கியூபாவை வேறு விதமாக அடித்தது. சில ஆண்டு வரியில்லாச் சந்தையை நம்பி ஆலையும் கரும்பும் பெருக்கிய தீவு அது. 40 சதவீதம் வந்து விழுந்தது. 1895 பிப்ரவரி 24-ல் ஸ்பெயின் ஆட்சிக்கு எதிராகக் கிளர்ச்சி. வரிதான் கிளர்ச்சியைப் பிறப்பித்தது என்று எழுதாதீர்கள். 1868–78 பத்தாண்டுப் போரும் கியூப விடுதலைத் தலைவர் ஹோசே மார்த்தியின் அமைப்பு வேலையும் முன்பே இருந்தன. வரி வேலையின்மையைக் கூட்டியது, அவ்வளவே. 1894-ல் பத்து லட்சம் டன்னாக இருந்த கியூபச் சர்க்கரை 1896-ல் இரண்டேகால் லட்சத்துக்கு இறங்கியது என்ற எண்ணையும் கவனமாகக் கையாளுங்கள்: அந்த வீழ்ச்சிக்குப் பெரும்பங்கு கரும்புக் காடுகளைக் கொளுத்திய போர்.

இதே நேரம் அமெரிக்காவுக்கு உள்ளே என்ன? பிலடெல்ஃபியாவின் நான்கு ஆலைகளை வாங்கி, நாட்டின் சுத்திகரிப்பில் 98 சதவீதத்தைப் பிடித்தது சர்க்கரை டிரஸ்ட் என்ற ஏகபோகக் கூட்டு நிறுவனம். ஏகபோகத்தைத் தடுக்கும் 1890-ஆம் ஆண்டு ஷெர்மன் சட்டப்படி அரசு வழக்குப் போட்டது. 1895-ல் உச்ச நீதிமன்றம் உற்பத்தி வேறு, வணிகம் வேறு என்று சொல்லி வழக்கைத் தள்ளியது. ஏகபோகத்தையும் தீவுகளையும் ஒரே பத்தியில் எழுத இந்த வழக்கைப் போல வேறொன்று கிடைக்காது.

1898 போரில் ஸ்பெயினிடமிருந்து போர்ட்டோ ரிகோவும் பிலிப்பைன்ஸும் கைக்கு வந்த பிறகுதான் சுவர் கேள்வி நேராக வருகிறது. கொடி பறக்கும் இடமெல்லாம் அமெரிக்காவா? 1900-ஆம் ஆண்டு ஃபோரேக்கர் சட்டம் போர்ட்டோ ரிகோ சரக்குக்கு வழக்கமான வரியில் 15 சதவீதம் விதித்தது. அங்கிருந்து நியூயார்க்கில் இறங்கிய ஆரஞ்சுப் பழத்துக்கு வரி கட்டிய வணிகர் வழக்காட, 1901-ல் உச்ச நீதிமன்றம் 5–4 என்ற கணக்கில் வரி செல்லும் என்றது: அந்தத் தீவு அமெரிக்காவுக்குச் சொந்தம், ஆனால் அரசியலமைப்பு முழுமையாகப் பொருந்தும் பகுதி அல்ல. பிலிப்பைன்ஸ் சரக்குக்கு 1902-ல் முழு வரியில் 75 சதவீதம். 1909-ல் விலக்கு வந்தபோதும் சர்க்கரைக்கு ஆண்டுக்கு 3 லட்சம் டன் உச்சவரம்பு. பெயரளவில் விடுதலை பெற்ற கியூபாவுக்கு 1903 முதல் 20 சதவீதத் தள்ளுபடி. ஹவாய் மட்டும் முழுக்க உள்ளே. நான்கு தீவுகள், நான்கு விதக் கதவு. உள்நாட்டில் பீட்ரூட் சர்க்கரைக்காரரும் லூயிசியானா கரும்புக்காரரும் எவ்வளவு அழுத்தம் கொடுத்தார்களோ, அவ்வளவுக்குக் கதவு சாத்தியிருந்தது.

எஃகைக் கடலுக்குக் கொண்டுபோக ஒரு கப்பல்

“எஃகுத் தொழில் நவீனக் கடற்படையை உருவாக்கியது” என்ற பொது வாக்கியத்துக்குப் பதில், பாஸ்டன் என்ற கப்பலின் பெயரை எழுதுங்கள். 1883-ல் காங்கிரஸ் அனுமதித்த முதல் நான்கு எஃகுக் கப்பல்களில் ஒன்று. மற்றவை அட்லான்டா, சிகாகோ, டால்ஃபின். கட்டிய இடம் பென்சில்வேனியாவின் செஸ்டர். முக்கியப் பீரங்கிகள் 8 அங்குலத்தில் இரண்டு, 6 அங்குலத்தில் ஆறு. 1893 ஜனவரி 16 அன்று ஹோனலூலுவில் 162 மாலுமிகளையும் கடற்படை வீரர்களையும் கரையிறக்கியது இதே கப்பல். மறுநாள் ராணியின் ஆட்சி போயிற்று. 1898 மே 1 அன்று மணிலா விரிகுடாவில் அமெரிக்கக் கடற்படைத் தளபதி டூவியின் படையில் ஸ்பெயின் கப்பல்களைச் சுட்டதும் இதே கப்பல். 1883-ஆம் ஆண்டு எஃகு, ஹவாய், பிலிப்பைன்ஸ் மூன்றும் ஒரே பெயரில் அடங்கிவிடுகின்றன.

பனாமாவுக்கு இன்னொரு கப்பல்: ஓரிகன். 1898 மார்ச்சில் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து கிளம்பி, தென் அமெரிக்காவின் முனையைச் சுற்றி ஃபுளோரிடா சேர இரண்டு மாதத்துக்கு மேல் ஆயிற்று. தூரம் சுமார் 14,000 மைல். கால்வாய் வேண்டும் என்ற வாதத்துக்கு இதைவிட வலுவான சான்று யாருக்கும் தேவைப்படவில்லை. 1903-ல் கொலம்பிய செனட் ஒப்பந்தத்தை நிராகரித்தது, அந்த நவம்பர் 3-ல் பனாமா பிரிந்தது, 1914 ஆகஸ்ட் 15-ல் கால்வாய் திறந்தது.

கடல்வழி வலிமை பற்றி 1890-ல் எழுதிய கடற்படை அதிகாரி ஆல்ஃபிரட் மேஹனைச் சேர்க்கலாம். ஆனால் அவரால்தான் கடற்படை பிறந்தது என்று எழுதினால் கணக்கு இடிக்கும்: பாஸ்டனுக்கு அனுமதி கிடைத்தது அதற்கு ஏழு ஆண்டு முன்னால்.

‘சந்தை’ வாதத்தை எடை போடுங்கள்

உபரிச் சரக்குக்குச் சந்தை தேடித்தான் அமெரிக்கா கடல் கடந்தது என்பதை அன்றைய அரசியல்வாதிகளே உரக்கச் சொன்னார்கள். 1890 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு மேற்கு எல்லைக்கோடு மறைந்துவிட்டது என்றது. 1893-ல் கடும் பொருளாதார நெருக்கடி. 1892-ல் கார்னகியின் ஹோம்ஸ்டெட் எஃகாலையிலும் 1894-ல் புல்மன் ரயில்பெட்டி நிறுவனத்திலும் வேலைநிறுத்தங்கள். இந்தப் பயம் உண்மை. வணிக எண்களோ வேறு பேசுகின்றன. 1900-வாக்கில் அமெரிக்க ஏற்றுமதி ஏறத்தாழ 140 கோடி டாலர்; அதில் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் ஐரோப்பாவுக்குப் போயிற்று. சீனாவுக்குப் போனது நூற்றுக்கு இரண்டைக்கூடத் தொடவில்லை. போன சரக்கிலும் பாதிக்கு மேல் பருத்தி, கோதுமை, இறைச்சி போன்ற வேளாண் பொருள்கள்.

அப்படியென்றால் வாதம் பொய்யா? இல்லை. கிடைத்த சந்தை அல்ல, கிடைக்கும் என்று நம்பிய சந்தைதான் கொள்கையை ஓட்டியது. சீனச் சந்தை எல்லா நாடுகளுக்கும் சமமாகத் திறந்திருக்க வேண்டும் என்று வெளியுறவு அமைச்சர் ஜான் ஹே 1899-ல் அனுப்பிய திறந்த கதவுக் குறிப்பை இந்த இடத்தில் வையுங்கள். தன் வீட்டில் 50 சதவீதத்தை ஒட்டிய வரியைப் போட்டுக்கொண்டு சீனாவில் எல்லோருக்கும் ஒரே வரி கேட்ட முரணை ஒரு வரியில் சுட்டிக்காட்டுங்கள். முதலாளிகள் எல்லோரும் பேரரசு கேட்டார்கள் என்ற எண்ணத்தை உடைக்க ஒரு பெயர் போதும்: கார்னகி. அவர் பேரரசு எதிர்ப்புக் கழகத்தில் இருந்தார்.

வரைபடம் போடுவதானால்

நம் பள்ளி அட்லஸில் உலக வரைபடம் பசிபிக்கை இரண்டாக வெட்டி இரு ஓரத்திலும் ஒட்டியிருக்கும். அதைப் பார்த்து வரைந்தால் ஹவாய் இடப்பக்கம், குவாம் வலப்பக்கம் என்று சிதறிவிடும். பசிபிக்கை நடுவில் வைத்து வரையுங்கள். வலது ஓரம் சான் பிரான்சிஸ்கோ. அங்கிருந்து சுமார் 2,100 கடல் மைலில் ஹோனலூலு. அடுத்து ஏறத்தாழ 3,300-ல் குவாம். இன்னும் 1,500-ல் மணிலா. ஹோனலூலுவுக்கும் குவாமுக்கும் நடுவே மிட்வே (1867), வேக் (1899). கீழே சமோவா. இந்தக் கோடு 1903-ல் முடிந்த பசிபிக் தந்திக் கம்பி போன கோடும்கூட. வேக், சமோவா இரண்டிலும் கம்பி இறங்கவில்லை.

தேதிக் கோட்டையும் குறியுங்கள். ஸ்பெயினோடு போர்நிறுத்தம் கையெழுத்தானது வாஷிங்டனில் ஆகஸ்ட் 12 மாலை. மணிலாவில் அப்போது 13 விடியற்காலை. மணிலா வீழ்ந்தது அதே 13-ல். டூவி கம்பியை வெட்டியிருந்ததால் செய்தி பின்னால்தான் வந்தது. ஒரு நாள் வித்தியாசத்தைப் பிழை என்று நினைத்துத் திருத்திவிட வேண்டாம்.

வழக்கமாகத் தவறும் இடங்கள்

டெல்லர் திருத்தம் (1898) கியூபாவைச் சேர்த்துக்கொள்ள மாட்டோம் என்றது. பிளாட் திருத்தம் (1901) அதன் விவகாரத்தில் தலையிடும் உரிமையை வாங்கியது. இரண்டையும் மாற்றி எழுதுவது மிகச் சாதாரணம். 1898-ல் தியோடர் ரூஸ்வெல்ட் அதிபர் அல்ல. 1901 செப்டம்பரில்தான் ஆனார். 1898-ல் ஹவானா துறைமுகத்தில் மூழ்கிய மெய்ன் என்ற அமெரிக்கப் போர்க்கப்பலை ஸ்பெயின் வெடிவைத்துத் தகர்த்தது என்பது நிறுவப்பட்டதல்ல: 1898 விசாரணை வெளிக் கண்ணிவெடி என்றது, 1976-ல் கடற்படை அட்மிரல் ரிக்கோவரின் குழு உள்ளேயே நிகழ்ந்த வெடிப்பு என்ற முடிவுக்கு வந்தது. ஹவாயை ஸ்பெயினிடமிருந்து பிடித்ததாக எழுதுவோரும் உண்டு. பிலிப்பைன்ஸில் 1899 பிப்ரவரி 4-ல் தொடங்கியதை ‘கலகம்’ என்னாமல் போர் என்று எழுதுங்கள். இரண்டு நாள் கழித்துத்தான் ஸ்பெயினோடு செய்த சமாதான ஒப்பந்தத்தைச் செனட் 57–27 என்று ஏற்றது, தேவைக்கு ஒரே ஒரு வாக்கு மிச்சம்.

டன் கணக்கையும் பாருங்கள். அக்கால அமெரிக்க எஃகுப் புள்ளிவிவரம் பெரும்பாலும் 2,240 பவுண்டு டன்னில். சில நூல்கள் 2,000 பவுண்டு டன்னுக்கு மாற்றித் தரும். வித்தியாசம் 12 சதவீதம். இரண்டு நூல்களின் எண் இடித்தால் முதலில் அடிக்குறிப்பில் டன் எது என்று பார்க்க வேண்டும்.

250 சொல்லுக்குள் அடக்க

முன்னுரைக்கு 40 சொல், சுவருக்கு உள்ளே நடந்த வளர்ச்சிக்கு 60, சர்க்கரைக்கு 80, கப்பலுக்கு 30, எடை போடுவதற்கு 40. ரயிலுக்கு 100 சொல் போய்விட்டால் மீள முடியாது. கை தானாக அங்கேதான் ஓடும், கட்டுப்படுத்துங்கள். முன்னுரை இப்படி இருக்கலாம்:

“1861 முதல் உயர்த்தப்பட்ட சுங்க வரியும் தடையற்ற உள்நாட்டுச் சந்தையும் சேர்ந்து அமெரிக்காவை 1900-க்குள் உலகின் முதன்மைத் தொழில் நாடாக்கின. அதே வரிக் கொள்கையின் ஏற்ற இறக்கம் ஹவாயையும் கியூபாவையும் உலுக்கி, தொழில் தந்த எஃகுக் கடற்படையோடு சேர்ந்து, விரிவாக்கத்துக்கான வாய்ப்பையும் வலிமையையும் உருவாக்கியது.”

150 சொல் கேள்வியானால் கப்பலை எடுத்துவிட்டு சர்க்கரையை 1890, 1894, 1901 என்று மூன்று ஆண்டுக்குள் சுருக்குங்கள். கேள்வி கியூபாவையோ பிலிப்பைன்ஸையோ மட்டும் கேட்டால், ஹவாய்ப் பகுதியை இரண்டு வரிக்கு மேல் நீட்ட வேண்டாம்.